எனது ஆடையைத் தெரிபவர் யார்? – ஓர் அறவியல் நோக்கு

ஆடை பற்றிய ஒரு விடயத்தை மெய்யியற் கட்டுரையொன்றின் பொருளாகக் கொள்வது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். விடுதலை, நீதி, சமத்துவம் என்னும் பெரும் பொருள்கள் எமது சிந்தனையை வேண்டி நிற்கையில், அலுமாரிக்குள் தொங்கும் சட்டையைப் பற்றி ஆராய்வதாற் பயன் யாதென அவர்கள் வினவலாம். அவ்வினா நியாயமானதே. ஆயினும் பெரும் பொருள்கள் பெரும்பாலும் சிறு கருமங்களின் வாயிலாகவே எம்மை வந்தடைகின்றன. தன் வாழ்வைத் தானே தெரிந்துகொள்ளும் ஆற்றல் எனக்கு உண்டா என்ற வினாவை நாம் அடிக்கடி எதிர்கொள்வதில்லை. இன்று எதை உடுப்பது என்ற வினாவையோ ஒவ்வொரு காலையிலும் எதிர்கொள்கின்றோம். பின்னையதற்கு நாம் விடை காணும் முறையிலே முன்னையதற்கான விடையும் ஓரளவு மறைந்து கிடக்கின்றது என்பது எனது கருத்து.

மேலைநாட்டுப் பெருநகரங்களில் 'டிப்பார்ட்மென்ற் ஸ்ரோர்' என வழங்கும் பன்மாடிப் பெருங்கடைகள் பலவற்றிலே 'பேர்சனல் ஷொப்பர்' எனப்படும் ஒருவர் பணியில் அமர்த்தப்பட்டிருக்கின்றார். வசதி கருதி அவரை இக்கட்டுரையில் தெரிவுத் துணைவர் எனக் குறிப்பிடுவேன். தமது ஆடைகளைப் புதுப்பிக்க விரும்பும் வாடிக்கையாளர் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்கின்றார். உடலளவு, செலவிடக்கூடிய தொகை, ஆடை தேவைப்படும் சந்தர்ப்பம் ஆகியவற்றைத் தெரிவிக்கின்றார். துணைவர் கடையின் பல மாடிகளிலும் ஏறியிறங்கிப் பொருத்தமானவற்றைத் திரட்டி, நிலைக்கண்ணாடி உள்ள தனியறையொன்றில் வைத்துக் காத்திருக்கின்றார். வாடிக்கையாளர் வந்து உடுத்துப் பார்க்கின்றார். இது பொருந்தும், இது பொருந்தாது, இதனோடு இதனைச் சேர்க்கலாம் எனத் துணைவர் கூறுகின்றார். பல கடைகளில் இச்சேவைக்கெனத் தனிக் கட்டணம் அறவிடப்படுவதில்லை.

இவ்வழக்கத்தை அறநோக்கில் எவ்வாறு மதிப்பிடுவது? தன் ஆடையைத் தெரியும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைப்பவர் தம்முள் எதையேனும் இழக்கின்றாரா? இழப்பாராயின் அவ்விழப்பு எத்தகையது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இடையாளர் மறைந்ததும் மீண்டதும்

இவ்வழக்கத்தின் தன்மையை விளங்கிக்கொள்வதற்கு, அது தோன்றிய இடத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். பெருங்கடைகள் தோன்றுவதற்கு முன்னர் ஐரோப்பிய நகரங்களிற் புடைவை வாங்கச் சென்றவர் மேசைக்கு இப்புறத்தே நிற்பார். பொருள்கள் யாவும் மறுபுறத்தே இருக்கும். கடைக்காரர் எடுத்துக் காட்டுவதையே அவர் காண்பார். விலை பேரத்தினால் தீர்மானிக்கப்படும். வாங்கும் எண்ணமின்றிக் கடைக்குள் நுழைவது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. வாங்குபவருக்கும் பொருளுக்கும் இடையில் எப்பொழுதும் ஓர் இடையாளர் நின்றார்.

1852ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்துப் போன் மார்ஷே என்னும் கடையிற் பங்காளியாகச் சேர்ந்த அரிஸ்ரீட் பூசிக்கோ இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர். பொருள்களின் மீது விலை குறிக்கப்பட்டது. எவரும் உள்ளே வந்து சுற்றிப் பார்க்கலாம், வாங்காது திரும்பலாம், வாங்கியது பிடிக்காவிடிற் கொண்டுவந்து கொடுக்கலாம். எமிலி சோலா 1883இல் வெளியிட்ட நாவலொன்றின் களமாக இத்தகைய கடையொன்று அமைந்தமை, அக்காலத்து மக்களின் மனத்தை அது எவ்வளவு ஆட்கொண்டிருந்தது என்பதைக் காட்டும். 1909இல் ஹரி கோர்டன் செல்பிரிட்ஜ் இலண்டன் ஒக்ஸ்போர்ட் வீதியில் தமது பெருங்கடையைத் திறந்தார். பொருளைக் கண்ணாற் காண்பதோடு கையாலும் தொட்டுப் பார்க்கலாம் என்பது அங்கு முதன்மை பெற்றது. இவ்வலை குடியேற்ற நாடுகளையும் எட்டியது. கொழும்புக் கோட்டை யோர்க் வீதியில் இன்றும் நிற்கும் கார்கில்ஸ் நிறுவனத்தின் செந்நிறக் கட்டடம் அதற்கொரு சான்றாகும்.

பெருங்கடையின் வரலாறு, இவ்வகையில், இடையாளரை அகற்றிய வரலாறு எனலாம். 'நீயே பார், நீயே தொடு, நீயே தெரிந்துகொள்' என்பது அதன் அழைப்பு. ஆயின் அதே பெருங்கடை பின்னர் தன் கூடத்துக்குள்ளேயே மீண்டும் ஓர் இடையாளரை இருத்த நேர்ந்தது. தெரிதற்குரியவை பெருகப் பெருகத் தெரிபவர் திகைத்தார். முன்னைய இடையாளர் பொருளை மறைத்து நின்றவர். பின்னைய இடையாளர் பொருளின் மிகுதியிலிருந்து எம்மைக் காக்க வந்தவர். தெரிவுக்கான சந்தர்ப்பங்களைப் பெருக்குவது தெரியும் ஆற்றலைப் பெருக்குவதாகாது என்ற உண்மை இதனாற் புலனாகின்றது.

2. கண்டனம்

இவ்வழக்கத்துக்கு எதிராகக் கூறத்தக்க வாதங்களுள் வலிமை வாய்ந்ததை முதலில் நோக்குவோம்.

ஜேர்மன் மெய்யியலாளராகிய இம்மானுவேல் கான்ற் 1784இல் அறிவொளி என்பது யாதென விளக்கி ஒரு சிறு கட்டுரை எழுதினார். மனிதன் தன் அறிவைப் பிறரது வழிகாட்டலின்றிப் பயன்படுத்தத் துணியாத நிலையை அவர் முதிராமை என்றார். அறிவுக் குறைவினால் அன்றி, துணிவுக் குறைவினாலும் சோம்பலினாலும் விளைவதால் அம்முதிராமைக்கு மனிதனே பொறுப்பாளி என்பது அவரது முடிபு. எனக்காகச் சிந்திக்க ஒரு நூலும், எனது மனச்சாட்சியாக இயங்க ஒரு குருவும், எனது உணவைத் தீர்மானிக்க ஒரு வைத்தியரும் இருப்பின் நான் எதற்காகச் சிரமப்பட வேண்டும் என அவர் எள்ளலோடு வினவினார். அவர் இன்று வாழ்ந்திருப்பின், எனது சட்டையைத் தெரிய ஒரு துணைவர் எனவும் அப்பட்டியலிற் சேர்த்திருப்பார் என நாம் எண்ணலாம்.

இரண்டாவது வாதம் சமுதாய நோக்கிலானது. அமெரிக்கப் பொருளியலறிஞர் தோர்ஸ்ரைன் வெப்லன் 1899இல் வெளியிட்ட நூலிலே, ஆடை என்பது உடலை மறைப்பதற்கும் காப்பதற்கும் அப்பால், செல்வத்தைப் பிறருக்குப் புலப்படுத்தும் சாதனமாக விளங்குகின்றது எனக் காட்டினார். மனைவியின் ஆடையணிகள் கணவனின் செல்வநிலையைப் பறைசாற்றுகின்றன என்ற அவரது கூற்று எமது திருமண மண்டபங்களுக்கும் பொருந்தாததன்று. செல்வத்தைக் காட்டும் ஆடையைத் தெரிவதற்கும் ஒருவரை ஏவல் கொள்வது அக்காட்சியின் உச்சம் என வாதிக்கலாம்.

மூன்றாவது வாதம் 'புதுப்பித்தல்' என்ற எண்ணத்தைப் பற்றியது. 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மெய்யியலாளர் டெனி டிடெரோ, தமக்குக் கிடைத்த அழகிய புதிய வீட்டங்கியொன்றினாற் பட்ட துன்பத்தை ஒரு கட்டுரையிலே சுவைபட விவரித்தார். புதிய அங்கியின் முன்னே பழைய நாற்காலி இழிந்ததாகத் தோன்றியது, அதனை மாற்றினார். பின்னர் மேசை, பின்னர் சுவரிலிருந்த படங்கள். பழைய அங்கிக்குத் தாம் எசமானராக இருந்ததாகவும் புதியதற்கு அடிமையாகிவிட்டதாகவும் அவர் வருந்தினார். ஒரு புதிய பொருள் ஏனையவற்றை ஒரே நாளிற் பழையனவாக்கிவிடுகின்றது. அலுமாரியைப் புதுப்பிக்க உதவுபவர் உண்மையிற் குறைபாட்டுணர்வையே புதுப்பிக்கின்றார் என்பது இவ்வாதத்தின் சாரம்.

இவை மூன்றும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. ஆயினும் இவை வழக்கத்தை அதன் வெளித்தோற்றத்தில் வைத்தே மதிப்பிடுகின்றன என எனக்குத் தோன்றுகின்றது.

3. எதனை ஒப்படைக்கின்றோம்?

எவருடைய துணையுமின்றித் தன்னந்தனியே ஆடை தெரிந்த மனிதர் எவரும் இலர். எது அழகு, எது அடக்கம், எது வயதுக்குப் பொருந்துவது என்பவற்றை நாம் தாயிடமிருந்தும், தோழரிடமிருந்தும், தெருவில் எதிர்ப்படுவோரிடமிருந்தும் கற்றோம். பிறரைப் போல இருக்கவேண்டும் என்ற விழைவும் பிறரிலிருந்து வேறுபட வேண்டும் என்ற விழைவும் ஒருங்கே இயங்கும் களமே நாகரிகப் பாங்கு எனச் சமூகவியலறிஞர் ஜோர்ஜ் சிமெல் 1904இல் எழுதினார். 'எனது சுவை' என நான் பெருமையோடு கூறுவதும் பலரது சுவைகள் என்னுள் வந்து படிந்ததன் விளைவே. எனவே 'தானே தெரிதல்', 'பிறர் தெரிதல்' என்ற எளிய பிரிவு எமக்கு அதிகம் உதவாது. ஒப்படைக்கப்படுவது யாது எனக் கேட்பதே பயன் தருவதாகும்.

இங்கு மூன்றினை வேறுபடுத்தலாம். முதலாவது உழைப்பு: ஐந்து மாடிகளிலும் அலைந்து தேடும் வேலை. இரண்டாவது அறிவு: எத்துணி சுருங்கும், எத்தையல் நிலைக்கும், எவ்வெட்டு எவ்வுடலமைப்புக்குப் பொருந்தும் என்பன பற்றிய தேர்ச்சி. மூன்றாவது நோக்கம்: நான் எவ்வாறு தோன்ற விரும்புகின்றேன், எவ்வாறானவளாக இருக்க விரும்புகின்றேன் என்ற தீர்மானம். முதலாவதை ஒப்படைப்பதில் அறவியற் சிக்கல் எதுவுமில்லை. தச்சரிடம் கதவு செய்விப்பதைப் போன்றதே அது. இரண்டாவதை ஒப்படைப்பதிலும் தவறில்லை. அறியாததை அறிந்தோரிடம் கேட்பது அறிவுடைமை. மூன்றாவதை ஒப்படைக்கும்போதே கான்றின் கண்டனம் உயிர் பெறுகின்றது.

ஆயின் இப்பிரிவு ஆடை விடயத்திலே தெளிவாக நில்லாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நோயாளி வைத்தியரிடம் செல்கையில் அவரது நோக்கம் முன்னரே தீர்ந்தது. நலம் பெறவேண்டும் என்பதே அது. வைத்தியர் அதற்கான வழியைக் கூறுகின்றார். ஆடை வாங்கச் செல்பவருக்கோ தம் நோக்கம் முன்னரே முழுமையாகத் தெரிவதில்லை. உடுத்துக் கண்ணாடி முன் நிற்கும்போதே 'இதுதான்' அல்லது 'இதுவன்று' என்பது துலங்குகின்றது. அதாவது, வழியைத் தேடும்போதே நோக்கமும் உருப்பெறுகின்றது. எனவே வழியைக் காட்ட வந்தவர், தாம் விரும்பியோ விரும்பாமலோ, நோக்கத்தையும் வடிவமைக்கின்றார். எனது அளவுக்கேற்ற பத்து ஆடைகளை ஒருவர் எடுத்து வைக்கும்போது, எடுத்து வைக்காத ஆயிரம் ஆடைகளின் வழியாக நான் ஆகியிருக்கக்கூடிய ஆயிரம் பேரையும் அவர் விலக்கிவிடுகின்றார்.

துணைவரின் பொறுப்பு உண்மையில் இங்குதான் தொடங்குகின்றது. இதனைக் கருத்தளவில் மட்டும் நான் அறிந்தேனல்லேன். என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றே இதனைச் சிந்திக்கத் தூண்டியது.

4. ஒரு வினாவும் அதன் மௌனமும்

என் பெரியம்மா 1987இல் யாழ்ப்பாணத்திலிருந்து பெரியப்பாவுடன் இலண்டன் சென்றவர். பெரியப்பா காலமாகி ஓராண்டின் பின், தமது ஐம்பத்தேழாவது வயதில், பாடசாலையொன்றின் அலுவலகத்தில் வேலைக்கு விண்ணப்பித்தார். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அதற்கேற்ற ஆடை எதுவும் அவரிடம் இருக்கவில்லை. அவருடைய மகள், எனக்கு அக்கா முறையானவர், நகரத்துப் பெருங்கடையொன்றிலே தெரிவுத் துணைவரிடம் நேரம் குறித்துக் கொடுத்தார்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வந்திருந்தபோது பெரியம்மா அந்நாளைப் பற்றி எனக்குச் சொன்னார். அக்கடையிலே அவரை எதிர்கொண்டவர் நடுத்தர வயதுப் பெண்ணொருவர். இருக்கையில் அமரச்செய்து அவர் கேட்ட முதற்கேள்வி மிக எளிமையானது. அதனைப் பெரியம்மாவின் வாய்மொழியிலேயே தருகின்றேன்:

"'உங்களுக்கு என்ன விருப்பம்?' எண்டு அவள் கேட்டாள், பிள்ளை. எனக்கு ஒண்டும் சொல்லத் தெரியேல்லை. அம்மாவுக்கு என்ன நிறம் விருப்பமெண்டு தெரியும். அவருக்கு என்ன நிறம் விருப்பமெண்டு தெரியும். எனக்கு என்ன விருப்பமெண்டு ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை."

சிறுமியாக இருந்தபோது அவருடைய சட்டைத் துணியை அம்மம்மா தெரிந்தார். திருமணத்தின்போது கூறைச்சேலையை மாப்பிள்ளை வீட்டார் எடுத்தனர். அது எமது வழக்கம். அதன் பின்னர் முப்பது ஆண்டுகளாகப் பெரியப்பாவே சேலைகளை வாங்கி வந்தார். அவர் கொடுமையான மனிதர் அல்லர். அன்போடுதான் வாங்கினார், நல்லவற்றையே வாங்கினார். ஆயினும் அன்போடு தெரியப்பட்டதும் பிறரால் தெரியப்பட்டதே. ஐம்பத்தேழு ஆண்டுகள் நன்றாக உடுத்த ஒரு பெண், தாம் விரும்பும் நிறத்தைச் சொல்ல இயலாமல் ஓர் அந்நியப் பெண்ணின் முன் மௌனமாக இருந்தார்.

அம்மௌனத்தை அத்துணைவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதே இங்கு முக்கியமானது. அவர் தாமே பேசி அதனை நிரப்பவில்லை. கரும்பச்சையில் ஒன்றும் சாம்பல் நிறத்தில் ஒன்றுமாக இரு மேற்சட்டைகளைக் கொணர்ந்து கண்ணாடியின் இருபுறமும் மாட்டினார். எது நல்லது எனப் பெரியம்மா கேட்டபோது, இரண்டும் அளவானவை, இரண்டும் அந்த வேலைக்குப் பொருந்துபவை என்று மட்டும் கூறித் தேநீர் எடுத்து வருவதாக வெளியே சென்றுவிட்டார். அவர் திரும்பி வரப் பத்து நிமிடமாவது சென்றிருக்கும் என்றார் பெரியம்மா. அவர் வந்தபோது பெரியம்மா கரும்பச்சை மேற்சட்டையை அணிந்து நின்றார்.

சில மாதங்களின் பின், வேலை கிடைத்த மகிழ்ச்சியில், அவர் அதே கடைக்கு மீண்டும் சென்றார். இம்முறை வேறொரு துணைவர், இளைஞர், கலகலப்பானவர். அணிந்தவை யாவும் அவருக்கு அற்புதமாகவே தோன்றின. எதையும் அவர் கேட்கவில்லை, யாவற்றையும் புகழ்ந்தார். பெரியம்மா மூன்று பைகளோடு வீடு திரும்பினார். அவற்றுள் இருந்த மஞ்சள் நிற அங்கியொன்று விலைச்சீட்டுக் கழற்றப்படாமலே இன்றும் அலுமாரியில் தொங்குகின்றது.

ஒரே கடை, ஒரே சேவை, ஒரே வாடிக்கையாளர். எனினும் அறநோக்கில் இவ்விரு நிகழ்ச்சிகளும் நேரெதிரானவை. முதல்வர் உழைப்பையும் அறிவையும் வழங்கி நோக்கத்தை உரியவரிடமே விட்டுவைத்தார். இரண்டாமவர் புகழ்ச்சி என்னும் மெல்லிய கருவியினால் நோக்கத்தையும் தம்வசமாக்கிக்கொண்டார். முதலாவது சந்திப்பிலே தெரிவு கற்பிக்கப்பட்டது, இரண்டாவதிலே விற்கப்பட்டது.

5. துணைவர் எவருக்குத் துணை?

இவ்வேறுபாட்டுக்குத் தனிமனிதரின் குணம் மட்டுமே காரணம் எனக் கொள்ளுதல் போதாது. கட்டணமில்லாத சேவைக்கு யாரோ ஒருவர் ஊதியம் கொடுக்கின்றார். அவர் கடைக்காரர். சில கடைகளிலே விற்பனைக்கேற்ப ஊழியருக்குத் தரகும் கிடைக்கின்றது. வாடிக்கையாளரின் நண்பராக நிற்கும் ஒருவர் கடையின் ஊழியராகவும் இருக்கின்றார். 'இது வேண்டாம், நீங்கள் வீட்டில் வைத்திருப்பதே போதும்' என்ற சொல்லே அவரது நேர்மைக்கு உரைகல். அச்சொல்லே அவரது ஊதியத்துக்கும் பகை. இளைஞரான அத்துணைவரை நான் குறை கூறத் தயங்குவதும் இதனாலேயே. நாள் முழுதும் புன்னகைத்து, பிறர் மகிழ்ச்சியைத் தம் வேலையாகச் செய்யும் அவருக்கு விற்பனைத் தொகையே அளவுகோலாக இருப்பின், அவர் புகழாது வேறென்ன செய்வார்?

எனினும் இம்முரண்பாட்டின் நடுவே நேர்மை இயலாததன்று. நியூயோர்க் நகரத்துப் பேர்க்டோர்ஃப் குட்மன் பெருங்கடையிலே 1976ஆம் ஆண்டிற் பணியிற் சேர்ந்த பெற்றி ஹால்பிரைக் என்னும் அம்மையார் பல பதிற்றாண்டுகள் இப்பணியைச் செய்து, 2024இல் தமது 96ஆவது வயதிற் காலமானார். செல்வரும் திரைப்படத் துறையினரும் அவரை நாடி வந்தமைக்குக் காரணம் அவரது இனிமையன்று, ஒளிவுமறைவற்ற சொல்லே. பொருந்தாததைப் பொருந்தாதென முகத்துக்கு நேரே கூறுபவர் என்பதே அவரது புகழ். திருக்குறளின் பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரம் அரசனுக்கு வேண்டுவதாகக் கூறும் பண்பும் இதுவே: தவறு கண்டபோது கடிந்துரைக்கும் துணை. புகழ்பவர் எளிதிற் கிடைப்பர். இடித்துரைப்பவர் அரிதாகவே கிடைப்பர். அரசவைக்கு உண்மையானது ஆடையறைக்கும் உண்மையே.

இந்நூற்றாண்டிலே பொறியும் இப்பணியை மேற்கொண்டுள்ளது. 2011இல் அமெரிக்காவிலே தொடங்கப்பட்ட ஸ்ரிச் ஃபிக்ஸ் என்னும் நிறுவனம், வாடிக்கையாளர் நிரப்பும் வினாக்கொத்தையும் அவர்கள் முன்னர் வைத்துக்கொண்டவை, திருப்பியனுப்பியவை பற்றிய தரவுகளையும் கணினி வழிமுறைகளாற் பகுத்து, மனிதத் துணைவரின் பார்வையையும் சேர்த்து, ஆடைகளைப் பொதி செய்து வீட்டுக்கே அனுப்புகின்றது. பொறிக்குத் தரகு ஆசை இல்லை, களைப்பும் இல்லை. ஆயின் அதன் அடிப்படையிலே ஓர் எடுகோள் உண்டு: ஒருவர் முன்னர் வைத்துக்கொண்டதே அவர் விரும்புவது என்பதே அது. பெரியம்மாவின் முப்பது ஆண்டுக் கொள்வனவைப் பொறியொன்றிடம் கொடுத்திருப்பின், அது பெரியப்பாவின் விருப்பத்தைப் பிழையறக் கணித்து, அதனையே பெரியம்மாவுக்கு மீண்டும் மீண்டும் அனுப்பியிருக்கும். கடந்த காலத்தை எவ்வளவு நுணுக்கமாகக் கணித்தாலும், இதுவரை கேட்கப்படாதவரின் விருப்பம் அக்கணிப்பில் அகப்படாது. அதற்கு ஒருவர் கேட்கவேண்டும். கேட்டபின் காத்திருக்கவும் வேண்டும்.

6. ஓர் எதிர்வினா

இதுவரை கூறியவற்றுக்கு எதிராக ஒருவர் இவ்வாறு வாதிக்கலாம்: 'எல்லோருக்கும் ஆடையில் அக்கறை இருக்கவேண்டும் என்பது என்ன நியதி? ஆய்வில் மூழ்கிய அறிஞர் ஒருவர், அல்லது நோயுற்ற குழந்தையைப் பராமரிக்கும் தாய் ஒருவர், ஆடை பற்றிய தீர்மானம் முழுவதையும் இன்னொருவரிடம் விட்டுவிட்டுத் தம் கருமத்தைக் கவனிப்பது தவறா? நோக்கத்தையும் ஒப்படைக்கும் உரிமை அவருக்கு இல்லையா?'

நிச்சயமாக உண்டு. இங்கு சார்த்தர் எமக்கு உதவுகின்றார். 1945இல் பாரிஸில் நிகழ்த்தி மறு ஆண்டு நூலாக வெளியிட்ட விரிவுரையிலே, போர்க்காலத்தில் தம்மிடம் ஆலோசனை கேட்டு வந்த மாணவன் ஒருவனைப் பற்றி அவர் குறிப்பிடுகின்றார். இங்கிலாந்து சென்று விடுதலைப் படையிற் சேர்வதா, தன்னையே நம்பி வாழும் தாயோடு தங்குவதா என்பது அவனது இக்கட்டு. எந்த ஆலோசகரிடம் செல்வது என்பதைத் தீர்மானிப்பவன், தான் பெறப்போகும் ஆலோசனையையும் ஓரளவு தீர்மானித்துவிடுகின்றான் என்பது சார்த்தரின் வாதம். ஆகவே தெரிவை ஒப்படைப்பதும் ஒரு தெரிவே. அதன் பொறுப்பிலிருந்து எவரும் தப்பமுடியாது.

ஆயின் சார்த்தரின் வாதத்துக்கு ஒரு திருத்தம் வேண்டும் என நான் துணிந்து கூறுவேன். ஒப்படைத்தலைத் தெரிவு என அழைப்பதற்கு, ஒப்படையாதிருக்கவும் இயன்றிருக்க வேண்டும். அறிஞர் தம் விருப்பத்தை அறிந்து, அதனைப் பொருட்படுத்தாது ஒதுக்கிவைக்கின்றார். பெரியம்மா எதனையும் ஒதுக்கிவைக்கவில்லை. ஒதுக்கிவைப்பதற்கு ஒன்று தம்மிடம் உண்டு என்பதையே அவர் அறிந்திருக்கவில்லை. தாயும் கணவரும் அவர் தெரிந்தெடுத்த ஆலோசகர்கள் அல்லர். வழக்கம் அவர்களை அவ்விடத்தில் அமர்த்தியது. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இரு நிலைகளும் ஒன்றாகவே தோன்றும். இரண்டிலும் ஒருவர் தெரிய மற்றவர் உடுக்கின்றார். ஆயின் ஒன்று விடுதலையின் பயன்பாடு. மற்றது விடுதலை தொடங்காமை.

எனவே நான் முன்வைக்கும் அளவுகோல் இது. ஒரு துணையின் அறவியற் பெறுமதியை, அது எவ்வளவு நன்றாகத் தெரிந்து கொடுத்தது என்பதைக் கொண்டு அளத்தலாகாது. அதன் பின்னர் துணை பெற்றவர் தாமே தெரியும் ஆற்றலில் வளர்ந்தாரா, தேய்ந்தாரா என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். நல்லாசிரியரின் வெற்றி, மாணவர் அவரின்றியும் சிந்திப்பதில் இருக்கின்றது. நல்ல துணைவரின் வெற்றியும் அவ்வாறானதே. வாடிக்கையாளர் மீண்டும் மீண்டும் வருவதையே விரும்பும் வணிக நிறுவனம் இவ்வளவுகோலை மனமுவந்து ஏற்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகையால் அதனை ஏந்த வேண்டியவர்கள் துணை நல்குவோரும் துணை பெறுவோருமாகிய மனிதர்களே.

7. முடிவுரை

இலண்டன் கடையொன்றின் ஆடையறையை விட்டு எமது விரிவுரை மண்டபத்துக்குத் திரும்புவோம். மேற்சட்டையைத் தெரிவதற்கு ஆளை அமர்த்தும் மேலைநாட்டாரைக் கண்டு நாம் நகைக்கக்கூடும். அவ்வாறு நகைக்கும் நாம் எப்பாடத்தைக் கற்பது என்பதை எவர் சொற்கேட்டுத் தீர்மானித்தோம்? உயர்தரப் பெறுபேறும், பெற்றோரின் ஆவலும், அயலாரின் மதிப்பும் தெரிந்து தந்த துறைகளில் எம்மிற் பலர் இருக்கின்றோம். முன்னைய ஆண்டு மாணவரின் குறிப்புக் கொப்பியை மனனஞ் செய்து, அதனையே பரீட்சைத் தாளில் இறக்கிவைத்து, அதற்குக் கிடைத்த புள்ளியை எமது அறிவென எண்ணிக்கொள்கின்றோம். எனக்காகச் சிந்திக்க ஒரு நூல் எனக் கான்ற் எள்ளியது எம்மையுமே. பெரியம்மாவிடம் கேட்கப்பட்ட கேள்வியை ஒரு விரிவுரையாளர் எம்மிடம், 'இவ்விடயத்தில் உமது கருத்து என்ன?' எனக் கேட்டால், அவரைப் போலவே நாமும் மௌனமாகத் தலைகுனிந்திருப்பதை ஒவ்வொரு கருத்தரங்க வகுப்பிலும் காணலாம். அம்மௌனம் அறிவின்மையால் வருவதன்று. கேட்கப்பட்டுப் பழகாமையால் வருவது. அதனைத் தமது சொற்களால் உடனே நிரப்பிவிடும் ஆசிரியரும் உளர்; இரு கருத்துகளை இருபுறமும் மாட்டிவைத்துவிட்டுச் சற்றே விலகி நிற்கும் ஆசிரியரும் உளர். எவருக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம் என்பதை நாமே அறிவோம்.

இறுதியாக ஒன்று. அந்த மஞ்சள் அங்கியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே எனப் பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"கிடக்கட்டும் பிள்ளை. அது நானே விட்ட பிழை. மற்ற ஆக்கள் சரியெண்டு சொன்னதைத்தானே இவ்வளவு காலமும் உடுத்தனான்."

பிறரது கைப்பிடியிலேயே நடந்து பழகியவருக்குத் தனியே அடியெடுத்து வைப்பது பேராபத்தாகக் காட்டப்படுகின்றது. ஆயின் அவ்வாபத்து அவ்வளவு பெரிதன்று, சில தடவை விழுந்தெழுந்தால் நடை பழகிவிடும் எனக் கான்ற் அதே கட்டுரையிற் கூறுகின்றார். பெரியம்மா அக்கட்டுரையைப் படித்தவர் அல்லர். ஆயினும் தாம் விழுந்த இடத்தை அவர் அலுமாரியிலே பத்திரமாக வைத்திருக்கின்றார். கரும்பச்சை மேற்சட்டையை ஒவ்வொரு வாரமும் அணிந்து வேலைக்குச் செல்கின்றார்.